உழவர் அமைச்சர் ஹென்றி வாலஸ்

தோற்றுவாய்

அரசர்க்கும் அமைச்சர்க்கும் உரியனவற்றை விரித்துரைத்த திருவள்ளுவனார், உழவுக்கெனத் தனி அதிகாரம் ஒன்றும் வகுத்தார். உழவு சிறந்தால் நாடு சிறக்கும் என்பதை எல்லா நாட்டு அறிஞரும் ஒப்புவர். மழை பொய்த்து விளைவு குன்றினால் உழவன் வறியனாவான் என்பதும் யாவரும் அறிந்ததே. ஆனால், விளைவு மிகுந்ததனாலேயே உழவன் வறியனாவதும் உண்டு. களஞ்சியம் நிறைந்திருக்கும்போதே அவன் வீடு ஏலத்திற்கு வருவதும் உண்டு. இந்த விந்தையான துன்பம் அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1920ஆம் ஆண்டிற்குப் பின் தோன்றி, 1932இல் உச்சநிலை எய்திற்று. அத்துன்பத்தைத் தீர்க்கும் பொருட்டு, அரசாங்கமே உழவனுக்கு நேரே பணம் கொடுக்கும் முறையை நடைமுறைக்குக் கொணர்ந்தவர் ஹென்றி அகார்டு வாலஸ் என்பார். நலமும் குறையும் விரவிய அவர் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

பிறப்பும் குடும்பமும்

ஐக்கிய நாட்டின் நடுப்பகுதியில் அயோவா என்னும் மாகாணம் உள்ளது. கரிய மண்ணும் மக்காச்சோள வயல்களும் பன்றிப் பண்ணைகளும் நிறைந்த நாடு அது. அங்கே பெரும்பாலான மாகாணங்கள் கவுண்டி எனப்படும் சிறு பிரிவுகளாக வகுக்கப்பட்டிருக்கும். ஏறக்குறைய நம் நாட்டுத் தாலுகாவைப் போன்றது கவுண்டி எனலாம். அயோவாவில் அடேர் என்னும் கவுண்டியில், ஓரியண்ட் என்னும் சிற்றூரை அடுத்த பண்ணை வீடொன்றில், 1888ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 7ஆம் நாள் வாலஸ் பிறந்தார்.

அவருடைய பாட்டனார் பெயரும் ஹென்றி. தந்தையார் பெயரும் ஹென்றியே. பாட்டனார் பிரஸ்பிட்டேரியன் சபையில் போதகராயிருந்தவர். உடல்நலங் குன்றியதனால் அவ்வூழியத்தை விட்டு உழவில் இறங்கினார். பிரசங்கபீடத்தை விட்டாரேயன்றிப் பிரசங்கத்தை விட்டாரில்லை. உழவர்க்கெனக் குடும்பத்தார் நடத்திய பத்திரிகையில் எரு, விதை, கால்நடை ஆகியவற்றைப் பற்றி எழுதியதோடு, வாரந்தோறும் வேதபாடமும் எழுதிவந்தார். நல்ல உழவும் நேரிய வாழ்வும் ஒன்றையொன்று பிரியா என்பது அவர் கொள்கை. தந்தையார் ஏம்ஸ் நகரத்து வேளாண்மைக் கல்லூரியில் ஆசிரியராயிருந்து, பின்னர்ப் பத்திரிகையாசிரியராகி, 1921ஆம் ஆண்டு ஐக்கிய நாட்டு வேளாண்மை அமைச்சராய் உயர்ந்தவர்.

ஏம்ஸ் நகரில் சிறுவன் ஹென்றிக்கு ஓர் அரிய நட்பு வாய்த்தது. அடிமைத் தாயின் வயிற்றில் பிறந்து, பல இன்னல்களைக் கடந்து, அக்கல்லூரியில் பயின்று தேறிய ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் என்னும் நீக்ரோ அறிஞர் அப்போது அங்கிருந்தார். அவர் செடி கொடிகளை ஆராயக் காடும் மேடும் செல்லும்போது இச்சிறுவனையும் உடன் அழைத்துச் செல்வார். பூவின் உறுப்புகளையும் புல்லின் வகைகளையும் ஹென்றி முதன்முதல் அறிந்துகொண்டது அவரிடமிருந்தே. நிறவேற்றுமை பெரிதும் நிலவிய அந்நாட்டில், வெள்ளைச் சிறுவன் ஒருவனுக்குக் கறுப்பு நிறத்தவர் ஒருவர் முதல் ஆசானாய் அமைந்ததை வாலஸ் இறுதிவரை மறந்தாரில்லை.

கதிரின் அழகும் நிலத்தின் விளைவும்

அக்காலத்தில் அயோவா எங்கும் மக்காச்சோளக் கதிர்க் காட்சிகள் நடைபெறும். நீண்டு, உருண்டு, மணிகள் வரிசையாய் அமைந்த கதிருக்குப் பரிசு கிடைக்கும். பரிசு பெற்ற கதிரையே விதைக்கு வைத்துக்கொள்வர். இக்காட்சிகளை முன்நின்று நடத்திய பேராசிரியர் ஹோல்டன் என்பார் புகழ்மிக்கவர். சுமார் பதினாறு வயதினனாயிருந்த ஹென்றிக்கு இதில் ஓர் ஐயம் எழுந்தது. கதிரின் தோற்றத்தைக் கண்டு அதன் விளைவை எவ்வாறு அறிதல் கூடும் என்று வினவினான். பரிசு பெற்றவையும் பெறாதவையுமாகிய கதிர்கள் சிலவற்றை வாங்கி, ஒவ்வொரு கதிரின் விதையையும் தனித்தனி வரிசையாக விதைத்து, அறுவடை செய்து நிறுத்துப் பார்த்தான். அழகிற் சிறந்ததென்று மதிக்கப்பட்ட கதிர் விளைவிற் கடைப்பட்ட வரிசைகளோடு நின்றது. அழகற்றவை என ஒதுக்கப்பட்டவற்றுட் சில மிகுதியாய் விளைந்தன.

இச்சிறு சோதனை வாலஸின் வாழ்வு முழுவதற்கும் ஒரு திறவுகோல் எனலாம். எதனையும் தோற்றத்தால் மதியாது பயனால் மதிப்பது அன்று முதல் அவருக்கு இயல்பாயிற்று. 1910இல் கல்லூரிப் படிப்பை முடித்துக் குடும்பப் பத்திரிகையில் அமர்ந்த பின்னும் அவர் சோள ஆராய்ச்சியை விடவில்லை. வேறுவேறு தூய குலச் செடிகளின் பூந்தாதைக் கலந்து கலப்பின விதை உண்டாக்கும் முறையை அறிஞர் சிலர் அப்போது ஆராய்ந்து வந்தனர். வாலஸ் அதனைத் தம் தோட்டத்திற் செய்து பார்த்து, 1926ஆம் ஆண்டு கலப்பினச் சோள விதை விற்பனைக்கென்றே ஒரு கம்பெனியை நிறுவினார். பயோனியர் என்னும் பெயரால் அது பின்னர் உலகெங்கும் அறியப்பட்டது. அவ்விதையால் ஏக்கருக்குக் கிடைக்கும் சோளம் மிகுந்தது. சில ஆண்டுகளுக்குள் அயோவா நாட்டு வயல்களில் பழைய விதையைக் காண்பதே அரிதாயிற்று.

களஞ்சியம் நிறைந்து குடிகள் வறுமையுற்ற காலம்

முதல் உலகப் போரின்போது ஐரோப்பாவிற்கு உணவளிக்கும் பொறுப்பு அமெரிக்க உழவரைச் சார்ந்தது. விலை ஏறிற்று, உழவர் கடன் வாங்கி நிலம் வாங்கினர். போர் முடிந்தது, 1920இல் விலை சரிந்தது, கடன் மட்டும் சரியவில்லை. அமைச்சராயிருந்த வாலஸின் தந்தையார் உழவர் நலத்திற்காக வாதாடிக் களைத்து, 1924ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் பதவியிலிருக்கும்போதே இறந்தார். உழவர்க்கு உதவக் காங்கிரஸ் சபை இயற்றிய மசோதாவைக் கூலிட்ஜ் என்னும் ஜனாதிபதி 1927இல் ஒருமுறையும் 1928இல் ஒருமுறையும் மறுத்துவிட்டார்.

1929இல் வாணிக வீழ்ச்சி வந்தது. உழவு ஏற்கெனவே வீழ்ந்திருந்தது; இப்போது அடியோடு சாய்ந்தது. 1932இல் அமெரிக்க உழவரின் நிகர வருவாய் 1929இல் இருந்ததில் மூன்றில் ஒரு பங்கிற்கும் குறைந்தது. அயோவாவில் 56 ராத்தல் கொண்ட ஒரு புஷல் சோளம் சுமார் 10 சென்டுக்கு விற்றது. நிலக்கரி வாங்கும் செலவைவிடச் சோளத்தை எரிப்பதே மலிவென்று, உழவர் அதனை அடுப்பிலிட்டனர். அதே ஆண்டில் நகரங்களில் வேலையற்றோர் ரொட்டிக்கு வரிசையில் நின்றனர். விளைத்தவன் எரிக்கவும், வேண்டுவோன் பசித்திருக்கவும் ஆயிற்று.

பொறுமையிற் சிறந்த அயோவா உழவரும் பொறுமை இழந்தனர். 1932இல் சாலைகளை மறித்துப் பால் வண்டிகளைக் கவிழ்த்தனர். 1933 ஏப்ரல் மாதம் லே மார்ஸ் என்னும் ஊரில், கடனுக்கு நிலத்தை ஏலமிடும் வழக்குகளை விசாரித்துவந்த நீதிபதியை ஆசனத்திலிருந்து இழுத்துச் சென்று, கழுத்தில் கயிறும் மாட்டினர். இனி அத்தகைய கட்டளைகளில் கையெழுத்திடுவதில்லை என்று உறுதி கூறும்படி வற்புறுத்தினர். அவர் மறுத்தார், நல்வேளையாக உயிர் தப்பினார். வாலஸ் குடும்பத்துப் பத்திரிகையும் இதற்குள் கடனில் மூழ்கிக் கைமாறியிருந்தது. ஆகவே, உழவர் துயரத்தை அவர் ஏட்டில் மட்டும் படித்தவரல்லர்.

அமைச்சர் பதவியும் உதவிப்பணமும்

1933 மார்ச் மாதம் 4ஆம் நாள் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் ஜனாதிபதியானார். தந்தையார் இருந்த அதே வேளாண்மை அமைச்சர் ஆசனத்தில் வாலஸ் அமர்ந்தார். அப்போது அவருக்கு வயது 44. மே மாதம் 12ஆம் நாள் வேளாண்மைச் சீரமைப்புச் சட்டம் நிறைவேறிற்று.

அச்சட்டத்தின் கருத்து எளியது. விளைவு மிகுந்ததனால் விலை வீழ்ந்தது. விளைவைக் குறைத்தால் விலை ஏறும். ஆனால், தனியொரு உழவன் தன் வயலைத் தரிசாக விட்டால் அவனுக்கு நட்டமேயன்றி நாட்டு விலை ஏறாது. எனவே எல்லோரும் ஒன்றுகூடிக் குறைக்கவேண்டும்; குறைப்பவனுக்கு அரசாங்கம் பணங் கொடுக்கவேண்டும். அப்பணத்தைப் பருத்தி ஆலை, மாவு ஆலை, இறைச்சிச் சாலை முதலியவற்றின்மேல் விதித்த வரியிலிருந்து பெறவேண்டும். 1909 முதல் 1914 வரையுள்ள ஆண்டுகளில் விளைபொருள் விற்ற பணத்தால் உழவன் எவ்வளவு பொருள் வாங்க முடிந்ததோ அவ்வளவு மறுபடியும் வாங்க முடியவேண்டும் என்பதே குறிக்கோள்.

சட்டம் பிறந்தபோது தென்மாகாணங்களில் பருத்தி முளைத்துவிட்டது. ஆகவே, முளைத்த பருத்தியை உழுது அழிக்க நேர்ந்தது. சுமார் ஒரு கோடி ஏக்கர் பருத்தி அவ்வாறு மண்ணில் மடிந்தது. வரிசைச் செடியை மிதியாது நடக்கப் பழக்கப்பட்ட கோவேறு கழுதைகள் செடிமேல் ஏர் இழுக்க மறுத்து நின்றன என்று கூறுவர். அவ்வாண்டிலேயே சுமார் அறுபது இலட்சம் பன்றிக்குட்டிகளையும், சுமார் இரண்டு இலட்சம் சினைப் பன்றிகளையும் அரசாங்கம் விலைக்கு வாங்கிக் கொன்றது. உணவுக்கு ஏற்ற இறைச்சி ஏழைகளுக்கு வழங்கப்பட்டது. சிறு குட்டிகள் கொழுப்பும் எருவுமாயின. நாடெங்கும் பழிப்புரை எழுந்தது. பசித்திருப்போர் பலராயிருக்க உணவை அழிப்பது அறமோ என்று மக்கள் கேட்டனர்.

ஏக்கருக்கு விளைவை மிகுவிப்பதற்கே தம் இளமையைச் செலவிட்ட வாலஸ், விளைந்ததை அழிக்கும் கட்டளையில் கையெழுத்திட்டது எத்துணைத் துன்பமாயிருந்திருக்கும்! ஓர் அவசரத்திற்குச் செய்த இச்செயலை நன்மையென்று அவர் என்றும் பாராட்டிக்கொள்ளவில்லை. மக்களின் சினத்தையும் அவர் வீணாக்கவில்லை. மிகுதியான உணவை வாங்கி வறியோர்க்கு வழங்குவதற்கென ஒரு கழகம் 1933 அக்டோபரில் நிறுவப்பட்டது. வறியோர் கடையிற் கொடுத்து உணவு பெறும் சீட்டுமுறை 1939ஆம் ஆண்டு ராச்செஸ்டர் நகரில் தொடங்கிற்று.

கவுண்டிக் குழுக்கள்

பல இலட்சம் உழவரிடம் ஒப்பந்தம் வாங்கி, நிலத்தை அளந்து, பணத்தைச் சேர்ப்பிப்பது யார்? வாஷிங்டனில் இருக்கும் அதிகாரிகளால் அது கூடாது. ஊர்நிலை அறிந்த உழவரே அதனைச் செய்யவேண்டும் என்று கவுண்டிதோறும் குழு அமைத்தனர். அயோவா போன்ற மாகாணங்களில் உழவர் தம்முள் நம்பிக்கைக்கு உரியவரைத் தாமே தேர்ந்தெடுத்தனர். தேர்ந்தெடுக்கப்பட்டோர் அயலான் வயலுக்குச் சென்று அளந்து, முன்னாண்டுகளில் அவன் எத்தனை ஏக்கர் பயிரிட்டான், எத்தனை பன்றி வளர்த்தான் என்று விசாரித்துக் கணக்கெழுதினர். அக்கணக்கு உள்ளூர்ப் பத்திரிகையில் வெளியாகும். பொய்க்கணக்குக் காட்டினால் பக்கத்து வீட்டானுக்கே தெரிந்துவிடும். ஆதலின், பொய் குறைந்தது.

1934ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி, சோள நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கையேனும், பன்றிகளில் நான்கில் ஒரு பங்கையும் உழவன் குறைக்கவேண்டும். விட்ட நிலத்தில் விளைந்திருக்கக்கூடிய ஒவ்வொரு புஷலுக்கும் 30 சென்ட் கிடைக்கும். அன்றியும், களஞ்சியத்தில் முத்திரையிட்டு வைத்த சோளத்தின்மேல் புஷலுக்கு 45 சென்ட் கடன் கிடைத்தது. விலை ஏறினால் உழவன் விற்றுக் கடனைத் தீர்க்கலாம். ஏறாவிடில் சோளத்தையே அரசாங்கத்திடம் விட்டுவிடலாம்.

அயோவாவின் சிற்றூர்களில் இக்காசோலைகள் வந்தபோது உண்டான மாறுதல் பெரிது. உழவன் வரி செலுத்தினான். கடைக்காரனுக்குப் பழைய பாக்கியைத் தீர்த்தான். குழந்தைகளுக்குச் செருப்பு வாங்கினான். ஓராண்டுக்குமுன் நீதிபதியின் கழுத்தில் கயிறு மாட்டிய நாட்டில், உழவர் மேசையைச் சுற்றியமர்ந்து கணக்குப் பார்த்தனர். தன் தொழிலைத் தானே ஆளும் பயிற்சியை உழவன் பெற்றது, பணத்தினும் பெரிய பேறு எனலாம்.

பாயின்செட் கவுண்டியின் கதை

ஆனால் அயோவாவின் நிலை வேறு; தென்மாகாணங்களின் நிலை வேறு. அயோவாவில் உழுபவர் பலர் தம் பெயரால் ஒப்பந்தம் செய்யும் தகுதியுடையவர். தெற்கே பருத்தி நாட்டில் உழுபவர் பெரும்பாலும் வாரக்குடிகள். நிலமும் கழுதையும் விதையும் நிலக்கிழாருடையவை. உழைப்பு மட்டுமே குடியினுடையது. விளைந்ததிற் பாதி வாரம். அவருள் வெள்ளையரும் நீக்ரோவரும் இருந்தனர். இருவர் வறுமையும் ஒன்றே.

ஆர்க்கன்சாஸ் மாகாணத்துப் பாயின்செட் கவுண்டி அத்தகையது. அங்கும் ஒப்பந்தம் சென்றது, காசோலையும் சென்றது. ஆனால் ஒப்பந்தம் நிலக்கிழாரோடு செய்யப்பட்டது. காசோலையும் அவர் பெயருக்கே வந்தது. 1934ஆம் ஆண்டுப் பருத்தி ஒப்பந்தப்படி, குறைத்த விளைவின் ஒவ்வொரு ராத்தலுக்கும் நாலரை சென்ட் கொடுக்கப்பட்டது. அதில் நான்கு சென்ட் நிலக்கிழாருக்கு. அரை சென்ட் வாரக்குடிக்கு. ஒன்பதில் ஒரு பங்காகிய அதுவும் நிலக்கிழார் கைவழியே வரவேண்டியிருந்தது. பழைய கடனுக்கு ஈடென்று பலர் அதனையும் நிறுத்திக்கொண்டனர். இதனினும் கொடியது வேறொன்று. பயிர் நிலம் குறைந்ததும் உழுபவரும் குறைவாகவே வேண்டப்பட்டனர். குடிகளைக் கூடியவரை வைத்துக்கொள்ளவேண்டும் என்று ஒப்பந்தத்தின் 7ஆம் பிரிவு கூறினும், அச்சொற்கள் நெகிழ்ச்சியாய் இருந்தன. குடும்பங்கள் பல வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டன. முறையிடச் சென்றால், விசாரிக்கும் கவுண்டிக் குழுவில் அமர்ந்திருந்தவர் நிலக்கிழாரும் அவரைச் சார்ந்தவருமே.

1934 ஜூலை மாதம் அக்கவுண்டியில் டைரான்சா என்னும் ஊரை அடுத்த ஒரு பள்ளிக்கூடத்தில் வெள்ளையரும் நீக்ரோவருமாகப் பதினெண்மர் கூடித் தென்னாட்டு வாரக்குடிகள் சங்கத்தை நிறுவினர். இரு நிறத்தாரும் ஒரே சங்கத்தில் இருப்பது அந்நாட்டில் கேட்டறியாத செய்தி. சங்கத்தார் அடியுண்டனர், சிறைப்பட்டனர், எனினும் அவர் முறையீடு வாஷிங்டனை எட்டிற்று. வாலஸின் அலுவலகத்தில் ஜெரோம் பிராங்க் என்னும் தலைமைச் சட்ட அறிஞரும் அவர் தோழர்களும் 7ஆம் பிரிவை ஆராய்ந்து, ஒப்பந்தம் செய்த நிலக்கிழார் முன்னிருந்த அதே குடிகளை வைத்திருக்கவேண்டும் என்று பொருள் கூறி, 1935 பிப்ரவரியில் கட்டளையும் அனுப்பினர்.

சீரமைப்புத் திட்டத்தின் தலைவர் செஸ்டர் டேவிஸ் இதனை ஒப்பவில்லை. பிராங்கும் அவர் தோழரும் விலக்கப்பட வேண்டும் என்று அவர் வாலஸிடம் வற்புறுத்தினார். வாலஸ் கலங்கினார். காங்கிரஸ் சபையில் தென்மாகாண உறுப்பினரின் கை ஓங்கியிருந்தது. அவர் பகைத்தால் திட்டம் முழுவதும் கவிழும் என்று அஞ்சினார். முடிவில் டேவிஸ் கேட்டதற்கு இசைந்தார். பிராங்கும் பிறரும் விலக்கப்பட்டனர், கட்டளை திரும்பப் பெறப்பட்டது, வாரக்குடிகள் கைவிடப்பட்டனர்.

வாலஸின் வாழ்வில் இதுவே பெருங்குறை என்று நாம் கருதுகின்றோம். கதிரின் அழகை நம்பாது விளைவை நிறுத்துப் பார்த்த சிறுவன், அமைச்சரானபின் தம் திட்டத்தின் அழகை நம்பி, அதன் பயன் யார் வீட்டிற் சேர்ந்தது என்று நிறுத்துப் பார்க்கத் தவறினார். இலட்சக்கணக்கான உழவரைக் காப்பதற்குச் சில ஆயிரவரை விட்டுவிடுதல் அரசியலாரின் கணக்கிற்கு ஒத்ததாகலாம். ஆனால் விடப்பட்டவரே யாவரினும் எளியவர் என்பதை எண்ணுங்கால் அக்கணக்கு நம் மனத்திற்கு ஒத்ததாகவில்லை.

ஆயினும் தவறு கண்டபின் கண்ணை மூடிக்கொள்ளும் இயல்பினர் அல்லர் அவர். 1936இன் இறுதியில் பருத்தி நாட்டில் தாமே சுற்றிச் சென்று வாரக்குடிகளின் குடிசைகளைக் கண்டார். ஐரோப்பாவின் ஏழைக் குடியானவரிடத்தும் காணாத வறுமை அங்கிருந்ததைக் கண்டு நெஞ்சு வருந்தி, அதனை வெளிப்படையாய் எழுதினார். நிலமற்றோர் நிலம் வாங்க நீண்ட தவணைக் கடன் தரும் சட்டம் 1937 ஜூலையில் நிறைவேற அவர் துணைநின்றார். வேண்டிய அளவோடு நோக்க அது சிறியதே. எனினும் அது வாரக்குடியின் பெயருக்கே நேராகச் சென்ற உதவி.

குன்றாக் களஞ்சியம்

1936 ஜனவரி மாதம் 6ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வேளாண்மைச் சீரமைப்புச் சட்டத்தைச் செல்லாதென்று தீர்த்தது. உழவை ஒழுங்குபடுத்துவது மாகாணங்களின் உரிமை என்று நீதிபதிகள் அறுவர் கூறினர், மூவர் மறுத்தனர். வாலஸ் சோர்ந்திலர். இரண்டு மாதத்திற்குள் மண்வளப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மண்ணை வறிதாக்கும் பயிரை விட்டு, பயறுவகையும் புல்லும் விதைத்து வளம் பெருக்குவோர்க்கு உதவிப்பணம் என்றாயிற்று. புழுதிப்புயலால் மேட்டுநிலங்கள் பாழாய்க்கொண்டிருந்த அக்காலத்தில் அது பொருத்தமான முறையே.

1938 பிப்ரவரியில் வந்த புதிய சட்டத்தில் அவருடைய நெடுநாட் கனவு நிறைவேறிற்று. பார்வோனின் நாட்டில் ஏழு வளமான ஆண்டுகளின் தானியத்தைச் சேர்த்துவைத்து, ஏழு பஞ்ச ஆண்டுகளில் மக்களைக் காத்த யோசேப்பின் வரலாற்றை அவர் இளமையிலேயே பாட்டனாரிடம் கேட்டிருந்தார். பின்னர், கன்பூசியரின் பொருளாதாரக் கொள்கைகளைப் பற்றிச் சீன அறிஞர் ஒருவர் 1911இல் வெளியிட்ட நூலிலிருந்து, பண்டைச் சீன அரசரும் விலை மலிந்த காலத்தில் தானியம் வாங்கி, விலை ஏறிய காலத்தில் விற்று, உழுவோரையும் உண்போரையும் ஒருங்கே காத்தனர் என்பதை அறிந்தார். வேதத்தின் கதையும் சீனரின் அனுபவமும் அமெரிக்கச் சட்டமாயின. அதுவே என்றும் குன்றாக் களஞ்சியம் எனப்பட்ட திட்டம். இரண்டாம் உலகப் போர் மூண்டபோது அக்களஞ்சியத்து இருப்பு ஐக்கிய நாட்டுக்கும் அதன் நட்பு நாடுகளுக்கும் பேருதவியாயிற்று.

பிற்கால வாழ்வு

1941 முதல் 1945 வரை வாலஸ் ஐக்கிய நாட்டுத் துணைத் தலைவராயிருந்தார். அப்பதவி ஏற்குமுன், 1940 டிசம்பரில் மெக்சிகோவிற்குச் சென்று, அந்நாட்டுச் சோள வயல்களைக் கண்டு, அங்கே பயிராராய்ச்சி நடைபெறவேண்டும் என்று ராக்பெல்லர் அறநிலையத்தாரைத் தூண்டினார். 1943இல் தொடங்கிய அவ்வாராய்ச்சியில் அடுத்த ஆண்டு சேர்ந்தவரே நார்மன் போர்லாக். அவர் அங்கு உண்டாக்கிய குட்டைக் கோதுமை 1960ஆம் ஆண்டுகளில் நம் நாட்டிற்கு வந்து பஞ்சாபின் வயல்களில் விளைந்து நம் மக்களின் பசியை ஆற்றிற்று. அயோவாச் சிறுவனின் சோள வரிசைகளுக்கும் நம் நாட்டுக் கோதுமைக்கும் இவ்வாறு ஒரு தொடர்பு உண்டு.

1944ஆம் ஆண்டுத் தேர்தலில் கட்சித் தலைவர்கள் அவரை விலக்கி ட்ரூமனைத் துணைத் தலைவர் பதவிக்கு நிறுத்தினர். 1945 ஏப்ரலில் ரூஸ்வெல்ட் இறக்க, ட்ரூமன் ஜனாதிபதியானார். வாணிக அமைச்சராயிருந்த வாலஸ், ருஷியாவோடு பகைமை கூடாதென்று பேசியதனால் 1946இல் பதவி இழந்தார். 1948இல் தனிக்கட்சியின் சார்பில் ஜனாதிபதி பதவிக்கு நின்று தோற்றார். அத்தேர்தலில் தென்மாகாணங்களில் சுற்றியபோது, வெள்ளையரையும் நீக்ரோவரையும் பிரித்து அமர்த்திய கூட்டங்களில் பேச மறுத்தார். முட்டையும் தக்காளியும் அவர்மேல் வீசப்பட்டன. பதின்மூன்று ஆண்டுகளுக்குமுன் வாரக்குடிகளைக் கைவிட்டவர், அதே தெற்கில் இம்முறை எளியோர் பக்கம் உறுதியாய் நின்றார்.

இன்னுமொரு தவற்றையும் மறைத்தல் நேர்மையன்று. 1944இல் அவர் சைபீரியாவின் கொலிமா நாட்டிற்குச் சென்றபோது, அங்கிருந்த கொடிய கைதி முகாம்களை மறைத்து, நல்ல தோற்றத்தையே ருஷிய அதிகாரிகள் அவருக்குக் காட்டினர். அவர் அதனை மெய்யென நம்பினார். மறுபடியும் கதிரின் அழகே அவரை ஏமாற்றிற்று! ஆனால் 1952இல், தாம் தவறிய இடங்களைத் தாமே எடுத்துரைத்து ஒரு கட்டுரை வெளியிட்டார். பெரும்பதவி வகித்தோருள் அவ்வாறு செய்தோர் சிலரே.

அதன்பின் நியூயார்க் மாகாணத்துச் சவுத் சேலம் என்னும் ஊரிலிருந்த தம் பண்ணையில் கோழி வளர்த்தும், ஸ்ட்ராபெரிப் பழச்செடிகளை ஆராய்ந்தும் காலங்கழித்தார். நரம்பைத் தளர்விக்கும் தீரா நோய் பற்றியபோதும், தம் உடலில் அது பரவும் வகையைத் தாமே குறித்துவைத்தார். 1965ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 18ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார்.

முடிவுரை

வாலஸ் தொடங்கிய முறை அவரோடு மறைந்துவிடவில்லை. சட்டங்கள் பலமுறை மாறினும், அமெரிக்க அரசாங்கம் உழவர்க்குப் பணம் கொடுப்பதும், கவுண்டிதோறும் உழவரால் தேர்ந்தெடுக்கப்பட்ட குழு இருப்பதும் இன்றுவரை தொடர்கின்றன. நிலத்தின் அளவுக்கேற்பப் பணம் கொடுத்தால் பெருநிலமுடையோர்க்கே பெருந்தொகை சேரும் என்னும் குறையும் இன்றுவரை தொடர்கின்றது. பாயின்செட் கவுண்டியில் 1934இல் எழுந்த வினா இன்னும் முழுதும் விடை பெறவில்லை.

நம் நாட்டிலும் உழவர்க்கு அரசாங்கத்தார் பலவகையில் பணம் வழங்குகின்றனர். நம்முட் பலர் இக்கல்லூரியை விட்டுச் சென்று அலுவலகங்களில் அமர்ந்து அத்தகைய ஏடுகளைப் புரட்டக்கூடும். அப்போது, பட்டா யார் பெயரில் உள்ளது என்பதோடு நில்லாமல், ஏர் யார் கையில் உள்ளது என்றும் நாம் கேட்போமாக. மொத்தம் எத்தனை கோடி வழங்கப்பட்டது என்பது கதிரின் அழகு. குடிசையில் எத்தனை ரூபாய் சேர்ந்தது என்பதே நிலத்தின் விளைவு. பதினாறு வயதில் வாலஸ் கற்ற அப்பாடத்தை, அவர் மறந்த இடங்களிலும் நாம் மறவாதிருப்பின், அவர் வரலாற்றைப் படித்ததனாலாய பயனை நாம் அடைந்தவராவோம்.